இரண்டு நாள் காய்ச்சல்

அல்லியின் வீட்டில் காலை நேரத்தில் யாரும் டீ போடக் கூடாது. எந்தச் சாமிக்கும் நேர்ந்துகொண்ட விரதம் இல்லை இது. அவளுடைய நைனா தரணிதரன், கையில் டீயோடு யாராவது வருவதைப் பார்த்துவிட்டால் போதும், அன்றைய பொழுது தொலைந்தது. கட்டிலிலிருந்து துள்ளி எழுந்து, "நில்லு, யாரது?" என்று தெருமுனை வரை கேட்கிற மாதிரி கத்துவார். அப்புறம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவார். அப்புறம் அழுகை. எழுபதைத் தாண்டிய மனிதர், ஒரு காலத்தில் பனிமலையில் துப்பாக்கி பிடித்து நின்றவர், "டீ எடுத்தாந்தவன சுட்டுட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதால் பார்க்கிறவர்கள் என்ன செய்வார்கள்? அல்லி காலையில் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கப் பழகிக்கொண்டாள்.

மறதி நோய் வந்த பிறகுதான் இந்த விஷயம் வெளியே வந்தது. அதற்கு முன்னால் அவர் போரைப் பற்றி வாயே திறந்ததில்லை.

அதுவே ஊரில் ஒரு பேச்சாக இருந்தது. குடியாத்தம் பக்கத்து நாவல்பட்டு பட்டாளத்து ஊர். வீட்டுக்கு ஒருவராவது சீருடை போட்டவர். பனிமலைப் போர் முடிந்து அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. இப்போது இருக்கிற பிள்ளைகளுக்கு அந்தப் போர் எதற்கு நடந்தது என்றுகூடத் தெரியாது. ஆனாலும் வருஷம் தவறாமல் வெற்றி நாளில் ஊர் முகப்பு வளைவுக்கு வெள்ளை அடித்து, கொடியேற்றி, மைக் வைத்துக் கொண்டாடிவிடுவார்கள். அந்த வளைவில் போருக்குப் போனவர்கள் அத்தனை பேருடைய பெயரும் இருக்கிறது, தரணிதரன் பெயரைத் தவிர. வேண்டாம் என்று சொன்னவர் அவரேதான். பதக்கம் கொடுக்கக் கூப்பிட்டார்கள், போகவில்லை. ஒரு மனிதன் மரியாதையை வேண்டாம் என்றால் ஊர் சும்மா இருக்குமா? அங்கே என்னவோ செய்துவிட்டு வந்திருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அல்லி பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே, உங்க நைனா பயந்து ஓடியாந்துட்டாராமே என்று கேட்ட பிள்ளைகள் உண்டு. அவளுக்கும் அவளுடைய அம்மாவுக்கும் அதைக் கேட்டுக் கேட்டே காது புளித்துப்போயிற்று. அம்மா கடைசி வரை அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமலே போய்ச் சேர்ந்தாள்.

ஊரில் தரணியைத் தேடிவரும் ஒரே ஆள் யுவராஜ். பல் பாதி போயிடுச்சு, இன்னும் பேரு மட்டும் யுவராஜ் என்று தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்கிற மனிதர். முன்னாள் படைவீரர் சங்கத்துக்குத் தலைவர், வெற்றி நாளில் கொடியேற்றுகிறவர், கல்யாண வீட்டில் கூப்பிடாமலே பந்தி பரிமாற நிற்கிறவர். தரணியைவிடச் சில மாதம் மூத்தவர் என்பதால் அல்லிக்குப் பெரியப்பா. இருவரும் ஒரே நாளில் படையில் சேர்ந்து, ஒரே மலையில் ஒன்றாகக் காவல் நின்றவர்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் ஆற்காட்டு மக்கன் பேடா பொட்டலத்தோடு வந்துவிடுவார். இன்னாடா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு என்று ஆரம்பித்து, தானே பேசி, தானே சிரித்து, தரணியின் வாயில் ஒரு பேடாவை ஊட்டிவிட்டுப் போவார். இத்தனை நல்ல மனுஷனுக்கு அந்த உம்மணாமூஞ்சியிடம் என்ன சிநேகம் என்று ஊருக்கு ஆச்சரியம்.

நோய் முற்ற முற்ற தரணிக்கு ஒவ்வொன்றாகப் போயிற்று. மனைவி பெயர் போயிற்று. வீட்டுக்கு எந்தப் பக்கம் கதவு என்பது போயிற்று. நெடுஞ்சாலையில் வண்டிகளுக்கு பேட்டரி மாற்றும் நிலையம் நடத்தும் மகள், கையெல்லாம் கறையோடு சாயங்காலம் வந்து நின்றால், "யாரும்மா நீ? நல்லா இருப்ப" என்று ஆசீர்வாதம் செய்வார். ஆனால் அந்த ஒரு காலை மட்டும் போகவில்லை. பனி எந்தப் பக்கமிருந்து அடித்தது, டீ கெட்டில் எந்த இடத்தில் நசுங்கியிருந்தது, விழுந்தவன் கடைசியாக என்ன சொன்னான் என்பதெல்லாம் துல்லியமாக இருந்தது. அல்லிக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. மற்றதெல்லாம் போகிறதென்றால் போகட்டும், அது மட்டும் ஏன் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்? போய்ச் சேருவதற்குள் மனுஷன் ஒரே ஒரு காலையிலாவது நிம்மதியாகக் கண் விழிக்கக் கூடாதா?

அவர் உண்மையிலேயே ஒருவரைச் சுட்டாரா, இல்லை நோய் கட்டிவிட்ட கதையா என்பதாவது தெரிய வேண்டும் என்று அவள் தேட ஆரம்பித்தாள். வேலூரில் படைவீரர் அலுவலகத்தில் விசாரித்தபோது, அங்கிருந்த பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள். சேர்ந்தது, பயிற்சி, பனிமலை, நடுவில் சில நாள் மருத்துவமனை, மறுபடி பணி, நன்னடத்தையோடு பணி விடுவிப்பு. ஒரு சின்னக் குறைகூடக் கிடையாது. நைனா அழும்போது சொல்கிற அந்தத் தோம்பா ஒரு மணிப்பூர்க்காரர், அதே பிரிவில் சமையல் பார்த்தவர். போரில் இறந்தார் என்று அவரைப் பற்றி ஒரே வரி. அல்லி போன மாதிரியே திரும்பி வந்தாள்.

பிறகு ஒரு நாள் காலை, பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண், விஷயம் தெரியாமல் ஒரு டம்ளர் டீயோடு உள்ளே வந்துவிட்டாள். அவ்வளவுதான், எல்லாம் ஆரம்பித்தது. வழக்கமாக அல்லி ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்து அடக்கப் பார்ப்பாள். அன்றைக்கு என்னவோ, பக்கத்தில் உட்கார்ந்து முழுசாகக் கேட்டாள்.

"தரணி கத்துனான்" என்று அழுதார் நைனா. "டேய் சுடாத, அது தோம்பாடான்னு பின்னாலருந்து கத்துனான். நான் காதுல வாங்கலையே."

"எந்தத் தரணி நைனா?"

அவர் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினார். சீருடையில், மீசை அரும்பிய வயதில், அவரேதான். "அவன்தான். அவன் சொல்லி நான் கேக்கல."

பக்கத்து வீட்டுப் பெண் பாவம் என்று உச்சுக்கொட்டினாள். அல்லியும் இத்தனை நாள் அப்படித்தான் நினைத்திருந்தாள். தன் பெயரையே யாருடைய பெயரோ போலச் சொல்வதை நோயின் கணக்கில் எழுதிவிட்டிருந்தாள். இன்று மட்டும், அந்தத் தரணி அப்போது எப்படி இருந்தார் என்று கேட்டுப் பார்த்தாள். இடது புருவத்தில் ரத்தம் உறைந்திருந்தது, தாடியில் பனி ஒட்டியிருந்தது, என்னைப் பிடிக்க ஓடிவந்தான், வழுக்கி விழுந்தான் என்றார். இடது புருவத்தில் நைனாவுக்கு இன்றைக்கும் தழும்பு இருக்கிறது. ஆனால் ஒருவர் தன் முகத்தை, தான் ஓடிவருவதை, எதிரே நின்று எப்படிப் பார்க்க முடியும்? 

வேலூரில் நரம்பு மருத்துவம் பார்க்கும் டாக்டர் சமீரா இதைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தரணியின் மண்டையைச் சுற்றி, மூளையைப் படிக்கும் ஒரு வளையத்தை மாட்டி, அரை நாள் சோதித்துவிட்டு, அல்லியை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"அந்தப் போர் சமயத்துல கொஞ்ச நாள் ஒரு சிகிச்சை இருந்துச்சு. ஒருத்தரால தாங்க முடியாத நினைவ அவர்கிட்டருந்து எடுத்துடுவாங்க. அழிக்க முடியாது. அழிக்கப் போனா பக்கத்துல இருக்கறதையும் சேத்து இழுத்துட்டுப் போயிடும். இன்னொரு மூளை வாங்கிக்கிட்டாத்தான் அது வெளிய வரும்."

"அப்ப எங்க நைனாகிட்ட இருக்கறது?"

"அவருது இல்ல அல்லி. வேற யாருக்காகவோ வாங்கி வச்சிருக்காரு."

 டாக்டர் நிதானமாக விளக்கினார். வாங்கிக்கொண்டவர்களுக்கு முதலில் இது அடுத்தவருடையது என்று தெரியும். நாளாக நாளாக அந்தக் குற்ற உணர்ச்சி ஊறி, தானே செய்தது என்று மனசு நம்பிவிடும். அதனால்தான் அந்தச் சிகிச்சையைக் கைவிட்டார்கள். மறதி நோயில் இது மட்டும் ஏன் போகவில்லை என்று அல்லி கேட்டாள்.

"சொந்தப் பல்லெல்லாம் ஆடி ஆடி விழுந்துடும். கட்டின பல்லு அப்படியே நிக்கும், இல்லையா? அந்த மாதிரிதான். சொந்தக்காரர்கிட்ட இருந்திருந்தா அழுது அழுது என்னிக்கோ ஆறியிருக்கும். அடுத்தவங்ககிட்ட இருக்கறது ஆறவே ஆறாது."

இப்போதும் எடுக்கலாம் என்றார் டாக்டர். ஆனால் யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். இப்போதைய சட்டப்படி, உரியவர் உயிரோடு இருந்தால் அவர்; இல்லையென்றால் சம்மதிக்கிற ரத்த உறவு. சீக்கிரம் முடிவு செய்யச் சொன்னார். இன்னும் கொஞ்சம் போனால் தரணியின் மூளை எதையும் விட்டுக்கொடுக்கிற நிலையில் இருக்காது.

யுவராஜ் அந்தச் சமயம் காய்ச்சலில் கிடந்தேன் என்பார்; அவரை விட்டால், யாருடையது என்று தெரிந்துகொள்ள ஒரே ஆள்தான் மிச்சம். பிரிவுக்கு ஹவில்தாராக இருந்த விக்னேஷ், குடியாத்தத்தில் மகன் வீட்டில் இருந்தார். பார்வை மங்கி, காது மட்டும் பாம்புக் காதாக இருந்தது. அல்லி யாருடைய மகள் என்று சொன்னதும் சந்தோஷமாகக் கையைப் பிடித்தவர், எதற்கு வந்தாள் என்று சொன்னதும் கையை விட்டுவிட்டார். சத்தியம் செய்துகொடுத்த விஷயம் என்று மென்று முழுங்கினார். நைனா தினமும் காலையில் என்ன பாடுபடுகிறார் என்பதை அவள் சொன்னபோதுதான் அந்தக் கிழவருக்குத் தாங்கவில்லை.

காவலுக்கு எப்போதும் ஜோடி ஜோடியாகத்தான் நிற்பார்கள் என்றார் அவர். முன்னால் ஒருவன், பத்தடி தள்ளிப் பின்னால் ஒருவன். ஜோடி மாறவே மாறாது. மலையேறும்போது ஒருவனுக்குக் கால் வீங்கிவிட்டால் அவனுடைய மூட்டையை ஜோடிக்காரன் தன் மூட்டைமேல் போட்டுக்கொண்டு நடப்பான். கேட்பதும் இல்லை, நன்றி சொல்வதும் இல்லை. பட்டாளத்தில் அது வழக்கம். தரணியின் ஜோடி யுவராஜ். அன்றைக்கு விடிந்தும் எதிரே இருப்பவன் முகம் தெரியாத பனிமூட்டம். பசங்க குளிரில் நிற்கிறார்களே என்று தோம்பா தானாகவே, சொல்லாத நேரத்தில், டீ எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். நில் என்றால் நின்று பதில் சொல்ல வேண்டும். அவன் வாயை மூடி மப்ளர் சுற்றியிருந்தான், இரண்டு கையிலும் கெட்டில். முன்னால் நின்றவன் யுவராஜ்.

"சுட்டுட்டு யுவராஜ் பித்து புடிச்சாப்புல ஆயிட்டான்" என்றார் விக்னேஷ். "துப்பாக்கிய தாடைக்குக் கீழ வச்சிக்கினான். புடுங்கி வச்சோம். சோறு தண்ணி எறங்கல. ஊர்ல அவன் பொண்டாட்டிக்கு நெற மாசம். அப்பத்தான் டாக்டருங்க வந்து, யாராச்சும் வாங்கிக்கினா இவன் பொழைப்பான்னாங்க. நாங்க அத்தினி பேரும் ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துக்கினோம். ஒங்க நைனா ஒரு கேள்வி கேக்கலம்மா. அவன் மூட்டைய தூக்கறாப்புல, போய் ஒக்காந்துட்டான்."

யுவராஜுக்கு இரண்டு நாள் கடும் காய்ச்சல், அந்தச் சமயத்தில் எதிரி சுட்டு தோம்பா இறந்துவிட்டான் என்று எல்லாரும் ஒன்றாகச் சொல்லிவிட்டார்கள். அவரும் நம்பிவிட்டார். இன்றுவரை நம்புகிறார்.

குடியாத்தத்திலிருந்து திரும்புகிற வழியெல்லாம் அல்லிக்கு வயிறு எரிந்தது. ஒருவர் கொடியேற்றுவாராம், மேடையில் சிரிப்பாராம், பேரன் பேத்தியோடு குதிப்பாராம். அவருடைய பாவத்துக்கு இன்னொருவர், வீட்டு மூலையில் உட்கார்ந்து அழுவாராம். அம்மா பட்ட அவமானம், தான் பட்ட கேலி எல்லாம் கண் முன்னால் வந்து நின்றது. வீட்டுக்குப் போகாமல் நேராக யுவராஜ் வீட்டுக்கு வண்டியை விட்டாள். முகத்துக்கு நேரே கேட்டுவிடுவது என்றுதான் போனாள்.

அவர் வாசலில் உட்கார்ந்து ஒரு பழைய படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெற்றி நாள் வருகிறதல்லவா. தோம்பாவின் படம். வருஷா வருஷம் மேடையில் முதல் மாலை இவனுக்குத்தான், கொடி கூட அப்புறம்தான் என்றார். ஊரார் முன்னால் வாய் ஓயாமல் பேசுகிற மனிதர், அந்தப் படத்தைத் துடைக்கும்போது மட்டும் மெதுவாகப் பேசினார். அன்றைக்கு அந்தப் பாழாய்ப்போன காய்ச்சல் வராமல் இருந்திருந்தால் நானும் உங்க நைனாவும்தான் காவல், எங்களை மீறி எவனும் வந்து இவனைச் சுட்டிருக்க முடியாது, இன்றைக்கும் அதை நினைத்தால் சோறு இறங்காது என்றார். உங்க நைனா ஏன் அப்படி ஆகிவிட்டான் என்று எனக்குக் கடைசி வரை தெரியாமலே போய்விடும்போல இருக்கு கண்ணு என்றும் சொன்னார். அல்லி தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

அன்று முழுக்க யோசித்தாள். இந்த மனிதர் சிரிக்க வேண்டும் என்பதற்காகத்தானே நைனா வாழ்க்கை முழுவதையும் கொடுத்தார். அதைப் போய் உடைத்துவிட்டு வந்தால், நைனா பட்டதெல்லாம் வீணாகப் போனது என்று ஆகிவிடாதா? அவளுக்குக் கோபம் இருந்ததா என்றால் இருந்தது. ஆனால் அதைவிட நைனாமேல் வந்த பெருமை பெரிதாக இருந்தது. இத்தனை வயசு வரை அவரை நினைத்துக் கூனிக் குறுகியிருக்கிறோமே என்று அழுதாள். மறுநாள் டாக்டர் சமீராவைக் கூப்பிட்டு, ரத்த உறவு நான் இருக்கிறேன், நானே வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். டாக்டர் எவ்வளவோ எடுத்துச் சொன்னார்: இது ஆறாது, உங்களுக்கு இன்னும் பாதி வாழ்க்கை பாக்கி இருக்கிறது என்றார். அல்லி பிடித்த பிடியை விடவில்லை. கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லி ஊரே சேர்ந்து சொன்னபோதே அசையாதவள் அவள்.

ஒரு தப்புச் செய்தாள். நைனாவைத் தனியாக மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியாதே என்று யுவராஜைத் துணைக்குக் கூப்பிட்டாள். என்னவோ சோதனை என்று மட்டும் சொல்லி, பத்து மணிக்கு மேல் வந்தால் போதும் என்றாள். இந்த வீட்டுக்கு எப்போதும் சாயங்காலத்தில் மட்டுமே வந்து பழகிய மனிதருக்குக் காலை நேரத்துச் சட்டதிட்டம் என்ன தெரியும்? பாவம், பொண்ணு ஒண்டியாக எல்லாவற்றையும் செய்துகொண்டு கிளம்ப வேண்டும், அடுப்பு மூட்டக்கூட நேரம் இருக்காது என்று, சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே, தன் கையால் போட்ட டீயோடு வந்துவிட்டார். மார்கழிப் பனிக்குத் தலையோடு துண்டைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"நில்லு, யாரது?"

யுவராஜ் நின்றார். பழைய பழக்கம், கால் தானாக நின்றுவிட்டது. நாந்தான்டா என்று சிரிக்கப் போனவர், தரணி தரையில் விழுந்து தன் காலைக் கட்டிக்கொண்டதும் பதறிப்போய் உட்கார்ந்தார்.

"தோம்பா, மன்னிச்சுக்கடா" என்றார் தரணி. "மொகத்த மூடிக்கினு வந்தியேடா. தெரியலடா எனக்கு. பின்னாலருந்து தரணி கத்துனான், நான் கேக்கலடா."

சமையல்கட்டிலிருந்து அல்லி ஓடிவந்தபோது யுவராஜ், தரணியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். சரிடா, சரிடா என்று சொல்லித் தடவிய கை சட்டென்று நின்றது. அவர் எதையோ யோசிப்பது தெரிந்தது.

"தரணி பின்னால நின்னான்னா, முன்னால யாரு?" என்றார். "அது என் எடம் ஆச்சே."

நைனாவுக்குப் புத்தி கலங்கிவிட்டது, அவர் பேச்சைப் பெரிசாக எடுக்காதீர்கள் பெரியப்பா என்று அல்லி சமாளிக்கப் பார்த்தாள். குரல் அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அவர் அவள் முகத்தையே பார்த்தார்.

"எனக்குக் காய்ச்சலே வரல. இல்ல கண்ணு?"

அல்லி உடைந்து அழுதாள். பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். மருத்துவமனைக்கு எதற்குக் கிளம்பினார்கள் என்பதையும் சொன்னாள்.  டீ ஆறி ஏடு கட்டிப்போனது. நினைவில் இல்லாத ஒன்றுக்காக ஒரு மனிதர் எப்படி அழுவார்? யுவராஜ் அழவில்லை, தரணியின் புருவத்துத் தழும்பை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு எழுந்தார். அவர் கோபப்பட்டு அல்லி பார்த்தது அன்றைக்குத்தான்.

"ஒங்க நைனாவுக்குத்தான் அறிவில்ல. நீயும் வாங்கித் தலையில வச்சிக்கப் போறியா? அது என்னுது. என் கையால சுட்டது. நான் எடுத்துக்கறேன்."

"இந்த வயசுல ஒங்களால தாங்க முடியாது பெரியப்பா. நைனா எதுக்காக இத்தன வருஷம்..."

"சிரிச்ச வரைக்கும் போதும்மா. இனிமே தெரிஞ்சிக்கினு என்னால சிரிக்க முடியுமா? வண்டிய எடு."

டாக்டர் சமீரா அவரைத் தனியே உட்காரவைத்து நெடுநேரம் பேசினார். உரியவருக்கே திரும்பிப் போவதால் நாளாவட்டத்தில் ஆற வழி உண்டு, ஆனால் முதல் சில மாதம் நரகமாக இருக்கும் என்றார். யுவராஜ் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒரே ஒரு கேள்வி கேட்டார். எடுக்கும்போது தரணிக்கு வலிக்குமா? வலிக்காது என்றதும் சட்டைப் பொத்தானைக் கழற்றினார்.

இரண்டு கட்டில்களை அடுத்தடுத்துப் போட்டார்கள். இரண்டு பேருடைய தலையிலும் வளையத்தை மாட்டினார்கள். பார்க்க ஒன்றுமே நடக்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்ற அல்லிக்கு, நைனாவின் நெற்றிச் சுருக்கம் மெல்ல மெல்ல விரிவதும், பக்கத்துக் கட்டிலில் யுவராஜின் முகம் கோணுவதும் மட்டும்தான் தெரிந்தது. ஒன்றைப் பார்த்துச் சந்தோஷப்பட முடியவில்லை, ஏனென்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டியிருந்தது.

மறுநாள் காலை தரணி கண் விழித்தபோது அல்லி பக்கத்திலேயே இருந்தாள்.  அவர் எழுந்து உட்கார்ந்தார். ஜன்னலில் ஒரு காக்கை இருந்தது, அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நன்றாகத் தூங்கினேன், பசிக்குது என்றார். நாலு இட்லியை நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு, சட்னி நல்லா இருக்கு, யார் பண்ணது என்று கேட்டார். அல்லி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள். இப்படி ஒரு காலையை அந்த முகத்தில் அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

மதியம் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். யுவராஜ் வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். போர்வை, மருந்து, மாற்றுத் துணி எல்லாவற்றையும் திணித்த ஒரு பெரிய துணிப்பை மடியில் இருந்தது. அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள். ஆறுதல் சொல்ல அல்லி வாயெடுப்பதற்குள் தரணி அவள் கையை உதறிவிட்டு நடந்தார். பெஞ்சில், அழுகிற மனிதர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அந்த முகத்தை உற்றுப் பார்த்தார். யார் என்று தெரியவில்லை என்பது நன்றாகவே தெரிந்தது.

"ஏன்யா அழுவுற?"

யுவராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தலையை மட்டும் ஆட்டினார்.

"இன்னாவா இருந்தாலும் எங்கிட்ட குடு" என்றார் தரணி. "நான் வச்சிக்கிறேன்."

"வேணாம்டா" என்றார் யுவராஜ். "என் சாமி, ஒனக்கு வேணாம்டா. இது என்னுது."

தரணி நீட்டிய கையை மடக்கவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி நீட்டியபடியே உட்கார்ந்திருந்தார். வாங்காமல் அங்கிருந்து எழுந்திருக்க மாட்டார் என்பது யுவராஜுக்குத் தெரியாதா? அழுகையோடு அழுகையாக, மடியிலிருந்த துணிப்பையைத் தூக்கி அந்தக் கையில் வைத்தார். தரணி திருப்தியாக அதை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தார். அல்லி வாங்கப் பார்த்தபோது உடம்பைத் திருப்பிக்கொண்டார். படியெல்லாம் மூச்சு வாங்க இறங்கி, வண்டி வரைக்கும் அவரே தூக்கி வந்தார்.

வண்டியில் ஏற்றி உட்காரவைத்தபோதும் பை அவர் மடியில்தான் இருந்தது. யுவராஜ் பின்னால் மெதுவாகப் படியிறங்கி வந்துகொண்டிருந்தார்.

"நைனா, அவரு யாருன்னு தெரியுதா?" என்று கேட்டாள் அல்லி.

"தெரியலம்மா" என்றார் தரணி. "பாவம், ஒண்டியா ஒக்காந்துக்கினு இருந்தாரு."